‘பிரஷர்’னா எந்த பிரஷர்? நம் வீட்டு ஆண்கள் டாக்டரைத் தள்ளிப்போடுவது ஏன்

உங்கள் அப்பாவிடமோ மாமாவிடமோ “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். “கொஞ்சம் பிரஷர்தான்” என்று பதில் வந்தால், அது எந்த பிரஷர்? ரத்தக் கொதிப்பா? வேலையிடத்து நெருக்கடியா? இல்லை, வாய்விட்டுச் சொல்ல முடியாத வேறு எதுவுமா? நம் பேச்சுத் தமிழில் இந்த ஒரே சொல் மூன்றையும் சுமக்கிறது. பெரும்பாலும் கேட்டவர் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். சொன்னவரும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்.

நவம்பர் வந்தால் ஆண்கள் நலம் பற்றிய பேச்சு கொஞ்சம் கூடும். 14ஆம் தேதி உலக நீரிழிவு தினம். 19ஆம் தேதி அனைத்துலக ஆண்கள் தினம். போதாததற்கு, 2003ல் மெல்பர்னில் ஆரம்பித்த ‘மொவெம்பர்’ இயக்கத்தின் மீசைகள் வேறு. பிறகு டிசம்பர் வந்துவிடும். மீசையும் போய்விடும், பேச்சும் போய்விடும்.

சிங்கப்பூரில் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. நாற்பது வயதைத் தாண்டிய குடிமக்களுக்குப் பல பரிசோதனைகள் இலவசம். இரவு இரண்டு மணிக்கும் எடுத்துப் பேச ஒரு நேரடித் தொலைபேசிச் சேவை இருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் போக மாட்டேன் என்கிறார்கள்? “ஆம்பளைங்க அப்படித்தான்” என்பது பதில் இல்லை. அது கேள்வியை மூடி வைக்கும் வழி.

எண்கள் என்ன சொல்கின்றன?

2023ஆம் ஆண்டு நிலவரப்படி, சிங்கப்பூரில் பிறக்கும் பெண் குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 85.2 ஆண்டு. ஆண் குழந்தைக்கு 80.7. நாலரை ஆண்டு வித்தியாசம். இதில் ஒரு பங்கு இயற்கை. உலகில் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் பெண்கள்தான் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். ஆனால் முழுவதையும் இயற்கையின் தலையில் கட்டிவிட முடியாது. இங்கே புகைபிடிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். 2022ஆம் ஆண்டு இந்நாட்டில் 476 பேர் தற்கொலை செய்துகொண்டதாகப் பதிவானது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு அதுவரை இல்லாத எண்ணிக்கை அது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆண்கள்.

உடலுக்கு வருவோம். சுகாதார அமைச்சின் 2021-2022 தேசிய மக்கள் சுகாதார ஆய்வில், வயதுவந்த சிங்கப்பூர்வாசிகளில் 37 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. மூவரில் ஒருவருக்கும் மேல். இந்த நோய்க்கு வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. கையில் பட்டையைக் கட்டி அளக்காத வரை, அது இருப்பதே தெரியாது. “எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே எதுவும் தெரியவில்லை. சிக்கலே அங்கேதான்.

இந்தியச் சமூகத்துக்கு இதில் ஒரு கூடுதல் கணக்கு உண்டு. 2010ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் ஒட்டுமொத்தமாக 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தபோது, இந்தியர்களிடம் அது 17.2 விழுக்காடு. 2016ல் அப்போதைய சுகாதார அமைச்சர் திரு கான் கிம் யோங் நீரிழிவுக்கு எதிராகப் ‘போர்’ அறிவித்தது நினைவிருக்கலாம். அடுத்த ஆண்டு பிரதமர் லீ சியன் லூங் தேசிய தினக் கூட்ட உரையிலேயே அதை ஒரு முக்கியத் தலைப்பாக எடுத்துப் பேசினார். நம் உடல்வாகும் ஒரு காரணம். தெற்காசியர்களுக்கு எடை குறைவாக இருக்கும்போதே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. மாரடைப்பும் மற்ற பல இனத்தவரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. அதனால்தான் உடல் எடைக் குறியீடு 25ஐத் தாண்டினால்தான் ஆபத்து என்ற பொதுக்கணக்கை விட்டு, 23லிருந்தே சிங்கப்பூர் எச்சரிக்கிறது. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலும் கவனிக்க வேண்டும். “தொப்பை இல்லாத தமிழனா?” என்று நாம் சிரித்துக்கொண்டே கடந்துபோகும் விஷயம் இதுதான்.

கட்டளை நின்றுபோகும் வயது

தேக்கா நிலையத்திலிருந்து புக்கிட் தீமா சாலையில் சில நிமிடங்கள் நடந்தால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. 1924ல் இலவசப் பிரசவ மருத்துவமனையாக ஆரம்பித்தது. 1966ல் அந்த ஒரே இடத்தில் ஓராண்டில் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. கின்னஸ் சாதனையாகப் பதிவான எண்ணிக்கை அது. உங்களில் பலர் பிறந்ததும் அங்கேயாகத்தான் இருக்கும்.

அந்தக் கட்டடத்தை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பெண்ணின் வாழ்க்கை, அவள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், மருத்துவமனை வழியாகப் போகிறது. மாதவிடாய்ச் சிக்கல், கர்ப்பம், பிரசவம், பிள்ளைக்குத் தடுப்பூசி, கருப்பை வாய்ப் பரிசோதனை, மார்பகப் பரிசோதனை என்று வரிசையாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு தாதி ரத்த அழுத்தத்தைப் பார்க்கிறார். “நல்லாத் தூங்குறீங்களா?” என்று கேட்கிறார். டாக்டரிடம் பேசும் பழக்கம் அப்படித்தான் வருகிறது.

ஆண்களுக்கு அப்படி ஒரு பாதை இல்லை. அதற்குப் பதிலாக இங்கே கட்டளை இருக்கிறது. பள்ளியில் தாதி வருவார். பிறகு தேசிய சேவை. சேருமுன் முழு மருத்துவப் பரிசோதனை நடக்கும், உடற்தகுதிக்குத் தரம் கொடுப்பார்கள். இரண்டு ஆண்டு முடிந்த பிறகும் விடமாட்டார்கள். தேசியச் சேவையாளராக உடலுறுதித் தேர்வு இருக்கும்: 2.4 கிலோமீட்டர் ஓட்டம், புஷ்-அப், சிட்-அப். முனகிக்கொண்டே ஓடினாலும் ஓடுவார்கள். ஓடாவிட்டால் கேள்வி வரும், ஓடித் தேறினால் காசு வரும்.

அந்தக் கடமை அதிகபட்சம் 40 வயதில் முடிந்துவிடும். அதிகாரிகளுக்கு மட்டும் 50. இன்னொரு பக்கம், நீரிழிவு, ரத்த அழுத்தம், கொழுப்புக்கான பரிசோதனையை எல்லாரும் செய்துகொள்ளும்படி நாடு பரிந்துரைப்பதும் 40 வயதிலிருந்துதான். யோசித்துப் பாருங்கள். இருபது ஆண்டுகள் ஒருவரைக் கட்டளையிட்டே கவனித்துவிட்டு, உடம்பு ஓட்டை விழ ஆரம்பிக்கும் வயதில் “இனி நீங்களாக வாருங்கள்” என்று கையை விடுகிறோம். தானாக டாக்டரிடம் போவது எப்படி என்று அவர் ஒருநாளும் பழகவே இல்லையே.

பெரியவரான பிறகு தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே நிரந்தரவாசியாகி, குடிமகனான அப்பாக்களுக்கு அந்தக் கட்டளையும் இருந்ததில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒரே மருத்துவச் சீட்டு, காய்ச்சலுக்கு எடுக்கும் எம்சி.

2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டம் இந்த ஓட்டையை அடைக்கத்தான் பார்க்கிறது. 40 வயதுக்கு மேற்பட்ட எவரும் ஒரே ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யலாம். முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. பதிந்துகொண்ட குடிமக்களுக்கு, பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகளும் தடுப்பூசிகளும் இலவசம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருக்கிறார்கள். பரிசோதனையைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது அந்த ‘ஒரே மருத்துவர்’ என்ற யோசனை. ஒவ்வொரு முறையும் புதிய முகத்திடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. சும்மாவே பேசாத மனிதர், முன்பின் தெரியாதவரிடம் என்ன பேசிவிடப் போகிறார்?

ஆனாலும் செயலியில் சேர்வது வேறு, மருந்தகத்துக்குப் போய் உட்கார்வது வேறு.

‘வாய்வு’, ‘டென்ஷன்’, ‘ஒண்ணுமில்ல’

செய்தியில் நாங்கள் ‘மனநலம்’, ‘மனச்சோர்வு’ என்று எழுதுகிறோம். வீட்டில் யாராவது அந்தச் சொற்களைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அங்கே புழங்குவது வேறு மொழி. “தூக்கம் சரியா வரல.” “உடம்பெல்லாம் அசதி.” “சும்மா எரிச்சலா வருது.” “சாப்பிடப் பிடிக்கல.” மனத்தின் வலி உடம்பின் பெயரில் வெளியே வருகிறது. ஆண்களிடம் மனச்சோர்வு பல நேரங்களில் அழுகையாகத் தெரியாது. கோபமாக, குடியாக, முதுகுவலியாக, ஓயாத வேலையாகத் தெரியும். வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுபவரைப் பார்த்து, “இவருக்கு உதவி தேவைப்படுதோ?” என்று யாரும் நினைப்பதில்லை. “கிட்ட போகாதே” என்றுதான் நினைக்கிறோம்.

இது மறுபக்கமும் வெட்டும். நெஞ்சில் அழுத்தம், இடது கையில் வலி, வியர்வை என்று வந்தால் அதற்கும் நம்மிடம் ஒரு பெயர் தயார்: வாய்வு. ஒரு சோடா, இல்லையென்றால் இஞ்சி டீ. மாரடைப்பில் போகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையைத் தின்கிறது. நெஞ்சு அழுத்தம் சில நிமிடங்களில் விடவில்லை என்றால் 995. அது வாய்வாகவே இருந்துவிட்டாலும் யாரும் அடிக்க மாட்டார்கள்.

வெட்கம் என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி உண்மையில் பயம். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. தற்கொலைக்கு முயல்வது இந்நாட்டில் 2020 ஜனவரி 1 வரை குற்றம். இன்று ஐம்பது, அறுபது வயதில் இருப்பவர்கள் தங்கள் காலம் முழுவதும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் வாழ்ந்தார்கள். “இப்படியெல்லாம் தோணுது” என்று வெளியே சொன்னால் போலீஸ் வருமோ, வேலை போகுமோ என்று பயந்தவரைக் கோழை என்று சொல்ல முடியாது. இன்று அந்தப் பிரிவு இல்லை. வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம், அந்த வேலைக்குத் தேவைப்பட்டால் தவிர, மனநலப் பிரச்சினை உண்டா என்று கேட்கக்கூடாது என்று முத்தரப்பு வழிகாட்டி சொல்கிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களில் மனநலத்தையும் சேர்த்திருக்கிறது. சட்டம் மாறியது அப்பாவுக்குத் தெரியுமா? வாய்ப்புக் கிடைக்கும்போது சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா

சிராங்கூன் சாலையில் ஞாயிறு மாலை நடந்தால், சிங்கப்பூரின் வேறெந்த இடத்தையும்விட அதிகமான தமிழ் ஆண்களைப் பார்க்கலாம். அவர்களில் பெரும்பாலோர் கட்டுமானத்திலும் கப்பல்பட்டறையிலும் வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியர்கள். ஆண்கள் நலம் என்று எழுதிவிட்டு அவர்களை விட்டுவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

அவர்களுக்கும் மருத்துவம் கட்டளையாகத்தான் வந்தது. வேலை அனுமதிச் சீட்டுக்கான பரிசோதனையில் காசநோய், எச்ஐவி போன்ற தொற்றுகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அவர் நோயைக் கொண்டுவருகிறாரா என்பதுதான் அங்கே கேள்வி. அவர் நலமாக இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. அதை உரக்கக் கேட்க ஒரு கிருமிப் பரவல் தேவைப்பட்டது. 2020 ஏப்ரலில் தங்கும் விடுதிகள் மூடப்பட்டன. மாதக்கணக்கில் வெளியே வர முடியவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குக் கொவிட்-19 தொற்றியிருந்தது தெரியவந்தது. தொற்றிலிருந்து பெரும்பாலோர் தேறினார்கள். அடைபட்டுக் கிடந்ததும், ஊரில் அப்பா அம்மா எப்படி இருக்கிறார்களோ என்ற கவலையும் அவ்வளவு எளிதில் தேறவில்லை. 2020 நவம்பரில் மனிதவள அமைச்சு ‘புரோஜெக்ட் டான்’ என்ற பெயரில் வெளிநாட்டு ஊழியர்களின் மனநலத்துக்கென ஒரு பணிக்குழுவை அமைத்தது. 2006லிருந்து இவர்களுக்கு மருந்தகம் நடத்திவரும் ஹெல்த்சர்வ் போன்ற தொண்டு அமைப்புகளும் அதில் கைகோத்தன.

2022 ஏப்ரலில் அடிப்படைப் பராமரிப்புத் திட்டம் வந்தது. முதலாளி ஆண்டுக் கட்டணம் செலுத்துகிறார். ஊழியர் மருத்துவ நிலையத்துக்குப் போனால் 5 வெள்ளி, தொலைமருத்துவத்துக்கு 2 வெள்ளி. கட்டணத்தைப் பொறுத்தவரை இது பெரிய மாற்றம். ஆனால் அவருடைய கணக்கில் 5 வெள்ளி மட்டும் இல்லை. ஒருநாள் எம்சி எடுத்தால் கூடுதல்நேர வேலைப் பணம் போகும். “இவனுக்கு அடிக்கடி உடம்பு முடியல” என்று பெயர் வந்தால் அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்க மாட்டார்களோ என்ற பயம். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் ஊரில் வட்டி போட்டுக்கொண்டிருக்கும். தங்கையின் கல்யாணம் நிற்கும். “நல்லா இருக்கேம்மா, நேரத்துக்குச் சாப்பிடுறேன்” என்று வீடியோ காலில் சிரிப்பவர், அழைப்பு முடிந்ததும் போனை எப்படி வைக்கிறார் என்று அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த அடுத்த கட்டில்காரர்தான் இங்கே உண்மையான முதல் மருத்துவர். கூட வேலை செய்பவர்களையே முதலுதவிபோல மனத்துணை தரப் பழக்குவது, இந்தத் துறையில் நடக்கும் நல்ல வேலைகளில் ஒன்று என்பேன்.

எது வேலை செய்கிறது?

அறிவுரைக்குப் பலன் குறைவு. நமக்கே தெரியும். சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015ல் ‘தேசியக் காலடிச் சவாலை’ ஆரம்பித்தபோது, கையில் ஒரு பட்டையும் கொஞ்சம் பற்றுச்சீட்டும் கொடுத்து, ஓடச் சொன்னால் ஓடாத அங்கிள்களை புளோக்கைச் சுற்றி நடக்க வைத்தது. யாரும் “உங்கள் ஆரோக்கியம் முக்கியம்” என்று பாடம் எடுக்கவில்லை. எண்ணிக்கை இருந்தது, போட்டி இருந்தது, பரிசு இருந்தது. ஆண்களை எங்கே பிடிக்க முடியுமோ அங்கே பிடித்தார்கள்.

இதைவிடச் சுவையான ஓர் உதாரணம் லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறது. அங்கே கறுப்பின ஆண்களிடையே ரத்த அழுத்தம் அதிகம். மருந்தகத்துக்கு அழைத்தால் வரமாட்டார்கள். ஆனால் முடிவெட்டும் கடைக்கு மாதம் தவறாமல் போவார்கள். அதனால் டாக்டர் ரோனல்ட் விக்டர் தலைமையிலான குழு, மருந்தாளரையே அந்தக் கடைகளுக்கு அனுப்பியது. முடிவெட்டுபவர் பேச்சை ஆரம்பிப்பார், மருந்தாளர் அங்கேயே அளந்து மருந்து கொடுப்பார். 52 கடைகள், 319 வாடிக்கையாளர்கள். ஆறு மாதத்தில் இவர்களின் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. முடிவெட்டுபவர் வெறுமனே “டாக்டரைப் பாருங்க” என்று சொல்லி அனுப்பிய கடைகளில் 9 புள்ளிதான் இறங்கியது. 2018ல் வெளிவந்த ஆய்வு இது.

லிட்டில் இந்தியாவில் எத்தனை முடிவெட்டும் கடைகள் இருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒருவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, கழுத்தைப் பிடித்துவிடச் சொல்லிவிட்டு ஊர்க்கதை பேசுவார். வாரத்தில் அவர் உடம்பை யாரோ கனிவோடு தொடும் ஒரே பொழுது அதுவாகக்கூட இருக்கலாம். ரத்த அழுத்தக் கருவி வைக்க இதைவிட நல்ல இடம் எது?

மனம் விட்டுப் பேசுவதற்கும் இதே கணக்குதான். எதிரெதிரே நாற்காலி போட்டு, கண்ணைப் பார்த்து, “உன் மனசுல என்ன இருக்கு?” என்றால் பல ஆண்கள் பூட்டிக்கொள்வார்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்று ஏதாவது செய்யும்போது பேச்சு தானாக வரும். ஆஸ்திரேலியாவில் ஓய்வுபெற்ற ஆண்கள் மரவேலை செய்துகொண்டே பேசும் ‘மென்ஸ் ஷெட்’ கொட்டகைகள் அப்படித்தான் பரவின. நம்மிடம் தேக்காவுக்குப் போகும் காலை நடை இருக்கிறது. காற்பந்துக்குப் பிறகு குடிக்கும் தே தாரிக் இருக்கிறது. (‘கொசோங்’ ஆக இருந்தால் சர்க்கரைப் பிரச்சினையும் தீர்ந்தது.)

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், நீங்களே அந்த ஆணாக இருந்தால். 2022 ஆய்வில் மனநலம் சரியில்லாதவர்களின் விகிதம் எல்லா வயதினரிலும் சேர்த்து 17 விழுக்காடு. 18 முதல் 29 வயதினரிடம் 25.3 விழுக்காடு. நால்வரில் ஒருவர். தேசிய சேவை, பல்கலைக்கழகம், முதல் வேலை, பிடிஓ என்று எல்லாம் ஒன்றாக வரும் வயது அது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. மனநல நிபுணரிடம் உதவி கேட்கத் தயார் என்றவர்கள் பத்தில் ஆறு பேருக்கும் கீழ். நண்பர்கள், குடும்பத்தாரிடம் பேசத் தயார் என்றவர்கள் ஏறத்தாழ எட்டுப் பேர். அதாவது உங்கள் நண்பன் முதலில் உங்களிடம்தான் வருவான். வந்து, “சும்மாதான் மச்சான், கொஞ்சம் டவுனா இருக்கு” என்பான். மீம் அனுப்பிச் சிரிக்க வைப்பதற்கு முன்னால் இன்னொரு முறை கேளுங்கள்: “இல்ல, நெஜமா எப்படி இருக்க?” முதல் பதில் எப்போதும் ‘ஓகே’தான். இரண்டாவது கேள்விக்குத்தான் உண்மை வரும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால் அவன் தனியாக இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

அப்பாவுக்கு என்றால், “டாக்டர்கிட்ட போங்கப்பா” என்று சொல்வதை நிறுத்திவிட்டுத் தேதி குறியுங்கள். ஹெல்த்ஹப் செயலியில் அவருடைய சிங்பாஸைக் கொண்டு அவரோடு உட்கார்ந்து ஹெல்தியர் எஸ்ஜியில் பதியுங்கள். தமிழில் பேசக்கூடிய மருத்துவர் அக்கம்பக்கத்தில் இருந்தால் அவரையே தேர்ந்தெடுங்கள். “சனிக்கிழமை பத்து மணிக்கு. நானும் வரேன். அப்புறம் தோசை சாப்பிடலாம்.” 50 வயதைத் தாண்டியவர் என்றால் பெருங்குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனையை ஆண்டுக்கொரு முறை செய்ய வேண்டும். வீட்டிலேயே மாதிரி எடுத்து அனுப்பும் சிறிய பெட்டிதான். ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் அது முன்வரிசையில் இருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பும் அதிகம். அருவருப்பாக இருக்கிறது என்று அந்தப் பெட்டியை அலமாரியில் போட்டுவைப்பவர்கள் உண்டு. உங்கள் வீட்டு அலமாரியையும் ஒருமுறை பாருங்கள். சிறுநீர் போவதில் சிரமம் இருந்தால், ப்ராஸ்டேட் பற்றி அதே சந்திப்பில் மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். அறிகுறி இல்லாத எல்லாருக்கும் அந்த ரத்தப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுவதில்லை. அவருக்குத் தேவையா என்று மருத்துவர் சொல்வார்.

மருத்துவர் அறைக்குள் அப்பா “எல்லாம் நல்லா இருக்கு டாக்டர்” என்று சொல்லப்போவது உறுதி. அதனால் போகுமுன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்குகிறார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எவ்வளவு குடிக்கிறார், எப்போதிலிருந்து எரிச்சல். தாளை நீட்டுவது, வாய்திறந்து சொல்வதைவிட அவருக்குச் சுலபம்.

பேச யாராவது வேண்டும் என்றால், 1771 என்ற தேசிய மனநல நேரடித் தொலைபேசிச் சேவை 24 மணி நேரமும் இயங்குகிறது. நெருக்கடியில் இருப்பவர்கள் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். மனநலக் கழகத்தின் உதவி எண் 6389 2222. தமிழில் பேசுவது வசதி என்றால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995.